கேமரன் மலையில் தொட்டி எலுமிச்சை: வேர் குளிராமல் வளர்க்கும் முறை

மலேசியாவின் கேமரன் மலை மேலே எலுமிச்சை வராது என்று தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு பேச்சு உண்டு. மலைக்குக் கீழே தாப்பாவிலோ பீடோரிலோ செடி வாங்கி வந்து வாசலில் வைப்பார்கள். இரண்டு மாதம் பச்சையாக நிற்கும். அடைமழை பிடித்ததும் இலை மஞ்சளாகி உதிரும். தீபாவளி முடிவதற்குள் குச்சிதான் மிஞ்சும். குளிர்தான் கொன்றது என்று எல்லாரும் முடிவு கட்டிவிடுவார்கள். அந்தச் செடியைத் தொட்டியிலிருந்து உருவி வேரை முகர்ந்து பாருங்கள். சாக்கடை வாடை வரும். வேரின் மேல்தோலை இரண்டு விரலால் இழுத்தால் உறை மாதிரி கழன்று வந்து, உள்ளே நூல் மட்டும் நிற்கும். ஈரத்தில் அழுகிய வேர் அது.

குளிர் காற்றை எலுமிச்சை இனம் தாங்கும். குளிர்ந்த ஈர மண்ணைத் தாங்காது. மலையில் தொட்டி மரம் வளர்க்கிறவர் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். மண், தொட்டி, இடம், தண்ணீர் எல்லாம் இதிலிருந்துதான் வரும்.

கணக்கைப் பார்ப்போம். மலை மேல் இருக்கும் நம் ஊர் தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் 22, 23 டிகிரி, விடியற்காலையில் 15, 16 டிகிரி என்பது இங்கே சாதாரணம். மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பமே கேமரன் மலையில்தான்: 1978 பிப்ரவரி 1 அன்று 7.8 டிகிரி. எலுமிச்சை இனத்துக்கு 25 முதல் 30 டிகிரி வரை நல்ல வளர்ச்சி. 13 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும், வேரும் உறிஞ்சுவதை ஏறக்குறைய நிறுத்திவிடும். அதாவது மலையில் மரம் சாகாது, மெதுவாகத்தான் வளரும். மெதுவாக வளரும் மரம் குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும். கீழ்நாட்டுப் பழக்கத்தில் தினமும் ஊற்றினால் மண் காயவே காயாது.

எந்தச் செடி வாங்குவது

நாம் சமையலுக்கும் அம்மன் கோயில் மாலைக்கும் தேடுகிற சிறிய எலுமிச்சை, அதாவது லீமாவ் நீப்பிஸ், இந்த இனத்திலேயே குளிருக்கு அதிகம் அஞ்சுவது. ஊறுகாய் நாரத்தையும் அப்படித்தான். ரிங்லெட் பக்கம் உயரம் குறைவு, அங்கே வெயில் படும் சுவரோரம் இருந்தால் வைத்துப் பார்க்கலாம். இன்னும் உயரத்தில் இருக்கும் பிரிஞ்சாங் பக்கம் அதையே முதல் செடியாக வைப்பவர் மனம் நொந்துபோவார்.

முதல் செடிக்கு லீமாவ் கஸ்தூரி, அதாவது சின்ன உருண்டைக் காய் காய்க்கும் கலமன்சிதான் சரி. குளிரைத் தாங்கும், தொட்டியில் அடங்கும், சொறிநோய் அதிகம் பிடிக்காது, ஆண்டில் பல தடவை பூக்கும். அடுத்து மேயர் லெமன். இது மாண்டரின் கலப்புள்ள மரம். மற்ற லெமனைவிடக் குட்டையாக நிற்கும், குளிரையும் கூடுதலாகப் பொறுக்கும், தோல் மெல்லியது, சாறு நிறைய. குளிரை எல்லாவற்றையும்விட நன்றாகத் தாங்குவது கும்குவாட். தோலோடு தின்கிற அந்தச் சின்னப் பழம் பிடிக்குமானால் தாராளமாக வைக்கலாம். இலை மணக்கும் லீமாவ் பூரூட்டை (காஃபிர் லைம்) இலைக்காக வளர்ப்பவருக்கு மலையிலும் குறை இல்லை. காயை எதிர்பார்த்தால் பொறுமை வேண்டும்.

மலைக்கென்று ஒரு சலுகையும் உண்டு. கீழ்நாட்டில் ஆரஞ்சும் மாண்டரினும் உள்ளே பழுத்தாலும் தோல் பச்சையாகவே நிற்கும், ஏனென்றால் தோலின் பச்சையம் கலைய இரவுக் குளிர் வேண்டும். அந்தக் குளிர் இங்கே இருக்கிறது. அதே மரத்தின் பழம் மலையில் நல்ல மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் நிறம் பிடிக்கும்.

விதை போட்டு முளைத்த செடி காய்க்க ஐந்தாறு ஆண்டு ஆகலாம், மலையில் அதற்கு மேலும் ஆகும். விண்பதியம் போட்டதோ (கிளையிலேயே வேர் விட வைத்து வெட்டியது) ஒட்டுக் கட்டியதோ வாங்குங்கள். ஒட்டுச் செடியில் தண்டின் அடிப்பக்கம் ஒரு முண்டு தெரியும். அந்த முண்டுக்குக் கீழே கிளம்பும் துளிர் எல்லாம், ஒட்டுக்கு அடியாக வைத்த வேர்ச்செடியினுடையது. கண்ட அன்றே கையால் ஒடித்துவிடுங்கள். விட்டுவைத்தால் மேல் மரத்தை மடக்கி அதுவே மரமாகிவிடும். முள் நிறைய, இலை வேறு மாதிரி என்று ஒரு கிளை மட்டும் தனியாக ஓங்கி வளர்ந்தால் அதுதான் அது.

வாங்கும்போது காயை எண்ணாதீர்கள். இலையின் அடிப்பக்கத்தையும் தொட்டியின் அடித் துளையையும் பாருங்கள். துளை வழியே வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் நல்லது. கறுத்த வேர், வாடை, தண்டின் அடியில் பிசின் வடிதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

தாப்பாவுக்கும் தானா ராத்தாவுக்கும் ஏறத்தாழ 8, 9 டிகிரி வித்தியாசம். கொண்டு வந்த அன்றே திறந்த வெளியில் வைத்தால் இலை கொட்டும். முதல் இரண்டு வாரம் கூரை ஓரத்தில், காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து, பிறகு வெளியே நகர்த்துங்கள். அந்த இரண்டு வாரம் உரமும் வேண்டாம், தொட்டி மாற்றவும் வேண்டாம். மழை குறைந்திருக்கும் பிப்ரவரியில் வாங்குவது நல்லது. அக்டோபர், நவம்பரில் வாங்காதீர்கள். வந்த உடனே செடிக்கு மழையும் இருட்டும்தான் கிடைக்கும்.

தொட்டியும் மண்ணும்

சின்னச் செடிக்குப் பெரிய தொட்டி வைத்தால் அடிக்கடி மாற்றும் வேலை மிச்சம் என்று நினைப்போம். மலையில் இது பெரிய தவறு. வேர் எட்டாத மண்ணில் நீரை உறிஞ்ச ஆள் கிடையாது. அந்த ஈரம் வாரக்கணக்கில் குளிர்ந்து கிடந்து, உள்ளே வரும் வேரையும் அழுக வைக்கும். 10 அங்குலத் தொட்டியில் தொடங்கி, வேர் சுற்றி நிறைந்த பிறகு 12, 14 என்று இரண்டிரண்டு அங்குலமாக ஏற்றுங்கள். லீமாவ் கஸ்தூரிக்கு 14 அங்குலம் பல ஆண்டுக்குப் போதும். லெமனுக்கு 16 அல்லது 18.

மண் தொட்டியா, பிளாஸ்டிக்கா? மண் தொட்டி மூச்சு விடும், ஈரம் பக்கவாட்டில் போகும். மழை நேரடியாக விழும் வெளியிடத்துக்கு அதுதான் நல்லது. ஆனால் ஈரம் ஆவியாகும்போது தொட்டியைக் குளிர்விக்கவும் செய்யும். கூரை ஓரத்தில் மழை படாத இடத்துக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் மேல். கீழ்நாட்டில் கறுப்புத் தொட்டி வேரை வேகவைத்துவிடும். இங்கே காலை வெயிலை இழுத்து வேருக்குச் சூடு கொடுக்கும். கடையில் வரும் பிளாஸ்டிக் தொட்டியில் துளை போதாது. அடியில் 12 மில்லிமீட்டர் அளவில் எட்டுத் துளையாவது இருக்க வேண்டும். பக்கச் சுவரில், அடியிலிருந்து இரண்டு அங்குல உயரத்துக்குள், இன்னும் நான்கு துளை போட்டுக்கொள்ளுங்கள்.

அடியில் கல்லும் ஓட்டாஞ்சில்லும் பரப்பும் பழக்கத்தை விட்டுவிடலாம். நீர் அந்தக் கல் அடுக்குக்குள் சுலபமாக இறங்காமல் அதற்கு மேலேயே மண்ணில் தேங்கும். ஈர மண் இன்னும் மேலே வந்துவிடும், அவ்வளவுதான். மண் கொட்டாமல் துளையை மூடப் பழைய கொசுவலைத் துண்டு ஒன்று போதும்.

மண் கலவையை வாளிக் கணக்கில் சொல்கிறோம். கறுப்பு மேல்மண் 2 பங்கு, நன்றாக மக்கிய கம்போஸ்ட் 2 பங்கு, கரித்த நெல் உமி, அதாவது சேக்காம் பாக்கார், 3 பங்கு, அரிசி முதல் பட்டாணி வரை பருமன் உள்ள பொடிக் கல் அல்லது உடைத்த செங்கல் 3 பங்கு. செங்கல் தூளைச் சலித்துத் தூசியை நீக்குங்கள், அது துளையை அடைக்கும். கரித்த உமியில் சாம்பல் இருக்கும், ஒரு தடவை அலசிவிடுங்கள். கடற்கரை மணல் கூடவே கூடாது. கொக்கோபீட், அதாவது தேங்காய் நார்த் தூள், தாப்பாவுக்கு நல்லது. நம் மூடுபனியில் அது பஞ்சு மாதிரி நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள்.

தேயிலைச் சரிவிலிருந்து சிவப்பு மண்ணை அள்ளி வந்து போடுவது லயத்து வழக்கம். தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் பயிர், பிஎச் (மண்ணின் புளிப்பு அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை அதற்குச் சுகம். எலுமிச்சைக்கு 5.5 முதல் 6.5 வரை வேண்டும். அந்த மண்ணைத்தான் போட வேண்டும் என்றால் 10 லிட்டர் கலவைக்கு ஒரு மேசைக்கரண்டி டோலமைட் சுண்ணாம்புத் தூள் சேர்த்து, இரண்டு வாரம் ஈரமாக மூடிவைத்துப் பிறகு நடுங்கள். டோலமைட்டில் கால்சியத்தோடு மக்னீசியமும் இருப்பதால் வெறும் சுண்ணாம்பைவிட நல்லது.

நட்டபின் ஒரு சோதனை. 14 அங்குலத் தொட்டியில் இரண்டு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மேலே நிற்கும் நீர் ஒரு நிமிடத்துக்குள் இறங்க வேண்டும். குளம் கட்டி நின்றால் கலவை தப்பு. செடியை எடுத்து இன்னும் ஒரு பங்கு கல் சேர்த்து மறுபடி நடுங்கள். அன்றைக்கு அரை மணி நேர வேலை. சோம்பல்பட்டால் டிசம்பரில் செடியே இருக்காது.

தண்டும் வேரும் சேரும் இடம் மண்ணுக்கு மேலே ஒரு விரல் அகலம் தெரிய வேண்டும். மண் தண்டைத் தொட்டு மூடினால் அங்கேதான் பிசின் நோய் தொடங்கும். ஒட்டு முண்டு எந்தக் காரணத்துக்கும் மண்ணுக்குள் போகக் கூடாது.

வைக்கும் இடம்

கேமரன் மலையில் வெயில் பெரும்பாலும் காலையில்தான். மதியத்துக்குப் பிறகு மேகம் இறங்கும், மழையும் பெய்யும். அதனால் கிழக்குப் பார்த்த வாசலும் தென்கிழக்கு மூலையும் தங்கம். மேற்குப் பார்த்த இடத்தில் ஆறு மணி நேர வெயில் கிடைக்கும் என்று காகிதத்தில் கணக்குப் போடலாம். நாளில் பாதி நேரம் அங்கே மூடுபனிதான் கிடைக்கும்.

வெள்ளையடித்த சுவருக்கு முன்னே, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். வெளிச்சம் திரும்பி வந்து மரத்தின் பின்பக்கத்துக்கும் கிடைக்கும். பகலில் சூடேறிய சுவர் முன்னிரவு வரை வெப்பம் விடும். தகரக் கூரையிலிருந்து நீர் கொட்டும் கோட்டுக்குக் கீழே மட்டும் வைக்காதீர்கள். ஒரு மழையில் மண்ணின் மேல்பகுதியே அரித்துப் போய்விடும்.

தொட்டியைச் சிமெண்ட் தரையில் நேராக வைக்க வேண்டாம். இரவில் சிமெண்ட் சில்லிட்டு, அடி வேரையும் சில்லிட வைக்கும். ஈரத் தரையில் துளையும் ஒட்டி அடைபடும். மூன்று செங்கல் துண்டை முக்கோணமாக வைத்து அதன் மேல் தூக்கி வையுங்கள். அடியில் காற்று ஓட வேண்டும்.

குளிர் விடியலுக்குப் பிறகு பளிச்சென்று வெயில் அடிக்கும் ஜனவரி நாட்களில் ஒன்று நடக்கும். இலைக்கு வெயில் பட்டு அது நீரைக் கேட்கும். தொட்டியோ வேலி நிழலில் சில்லென்று இருக்கும், வேர் நீர் கொடுக்காது. இலை படகு மாதிரி மடங்கி, ஒரு வாரத்தில் பச்சையாகவே கொட்டும். நீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினால் கதை முடிந்தது. செய்ய வேண்டியது வேறு: காலை வெயில் முதலில் தொட்டியின் மேல் படும்படி திருப்பி வையுங்கள். முன்னால் இருக்கும் சின்னச் சட்டிகளை அகற்றுங்கள்.

தண்ணீர்

நாள் கணக்கு வேண்டாம், எடைக் கணக்கு வேண்டும். நன்றாக நீர் ஊற்றி வடிந்ததும் தொட்டியை ஒரு பக்கம் லேசாகத் தூக்கிப் பாருங்கள். அந்தக் கனத்தைக் கை நினைவு வைத்துக்கொள்ளும். அதில் பாதி கனமாகக் குறைந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். தூக்க முடியாத பெரிய தொட்டியில் நடுவிரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். நுனியில் ஈர மண் ஒட்டினால் காத்திருங்கள். கூரைக்கு அடியில் இருக்கும் 14 அங்குலத் தொட்டிக்கு வெயில் காலத்தில் நான்கைந்து நாளுக்கு ஒரு தடவை, மூடுபனி மாதங்களில் பத்து நாளுக்கு ஒரு தடவைகூட ஆகலாம்.

ஊற்றும்போது முழுதாக ஊற்றுங்கள். அடித் துளை வழியே நீர் ஓடி வரும் வரை, ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். தினமும் ஒரு குவளை ஊற்றுவதுதான் மிகக் கெட்ட பழக்கம்: மேல்மண் எப்போதும் நனைந்திருக்கும், அடி வேர் காய்ந்தோ அழுகியோ போகும். காலையில் ஊற்றுங்கள். மலைக் குழாய் நீர் ஐஸ் மாதிரி இருக்கும், முதல் நாளே வாளியில் பிடித்து வெயிலில் வையுங்கள். தொட்டிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் கால் மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள்.

மழை விடாமல் பெய்யும் வாரங்களில் தொட்டியைக் கூரைக்கு உள்ளே இழுத்துவிடுவது நல்லது. இழுக்க முடியாதவர் ஒரு பிளாஸ்டிக் துண்டைத் தண்டைச் சுற்றிக் குடை மாதிரி சரிவாகக் கட்டி மண்ணை மட்டும் மூடலாம். தோட்டக்காரர்கள் காய்கறிக்குப் போடும் பிளாஸ்டிக் கொட்டகை இடம் கொடுத்தால் அதற்கு மேல் வேறு வசதி இல்லை. கொட்டகைக்குள் தேனீ வராது, ஆனாலும் இவை தன் மகரந்தத்திலேயே காய்ப்பவைதான். பூத்திருக்கும்போது கிளையை லேசாகத் தட்டிவிடுங்கள், போதும்.

சீனப் பெருநாள் மரத்தைக் காப்பாற்றுவது

இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் நல்ல மரம் மலிவாகவோ இலவசமாகவோ கிடைக்க இதைவிட வழி இல்லை. சீனப் புத்தாண்டுக்கு லீமாவ் கஸ்தூரி, கும்குவாட் மரங்கள் தொட்டியோடு, காய் குலுங்க, சிவப்பு நாடா கட்டிக் கடை வாசல்களில் நிற்கும். பதினைந்தாம் நாள் சாப் கோ மே முடிந்ததும் பல மரங்கள் குப்பை மேட்டுக்குப் போகும். கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

அந்த மரம் பார்க்கச் செழிப்பாக இருக்கும், உள்ளே களைத்திருக்கும். ஒரே நேரத்தில் அத்தனை காயும் நிற்க வேண்டும் என்று அதை வாட்டிப் பூக்க வைத்திருப்பார்கள். பல நாள் வெளிச்சம் இல்லாத வரவேற்பறையில் வேறு இருந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது இது.

முதல் நாள் எல்லாக் காயையும் கத்தரியால் வெட்டி எடுங்கள். மனம் வராதுதான், ஆனால் ஒரு காய்கூட விடாதீர்கள். அலங்காரத்துக்காக மருந்து அடித்திருக்கலாம் என்பதால் அந்தக் காயைச் சாப்பிடவும் வேண்டாம். நாடா, விளக்கு வயர், கிளையை வளைத்துக் கட்டிய கம்பி எல்லாவற்றையும் அவிழுங்கள். கம்பி பட்டைக்குள் புதைந்திருந்தால் இழுக்காமல் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள். ஒரு வாரம் நிழல் கலந்த வெளிச்சத்தில் வையுங்கள்.

இரண்டாவது வாரம் தொட்டியைச் சாய்த்து, ஓரத்தைக் கட்டையால் தட்டி, மண்ணோடு மரத்தை உருவுங்கள். பெரும்பாலும் களிமண் உருண்டை ஒன்று வரும். வெளிப்பக்கம் வேர், பாய் முடைந்த மாதிரி சுற்றிச் சுற்றி ஓடியிருக்கும். உருண்டையின் நடுவில் வேரே இல்லாத பச்சைக் களி இருக்கும். அதை அப்படியே புது மண்ணில் இறக்கினால் வேர் அந்தக் களியை விட்டு வெளியே வராது, புதுக் கலவை வழியே நீர் ஓடிவிடும், களி மட்டும் நனைந்து கிடக்கும். அதனால் உருண்டையை ஒரு வாளி நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, விரலாலும் மூங்கில் குச்சியாலும் களியைக் கரைத்து எடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு மண் போனால் போதும். வட்டமாக ஓடிய வேரை வெளி ஓரத்தில் வெட்டுங்கள். கறுத்து வழவழப்பான வேரை முழுவதும் நீக்குங்கள். வெளுத்த மஞ்சளாகக் கெட்டியாக இருப்பது உயிர் வேர், அதை மதியுங்கள்.

வேரில் கால் பங்கு போனால் மேல் கிளையிலும் ஏறத்தாழ கால் பங்கு குறைக்க வேண்டும். இருக்கும் வேர் அத்தனை இலைக்கும் நீர் கொடுக்க முடியாது. உள்ளே குறுக்கே ஓடும் கிளை, காய்ந்த குச்சி இவற்றை முதலில் வெட்டி, பிறகு நுனிகளைக் குறையுங்கள். அதே அளவுத் தொட்டியில், மேலே சொன்ன கலவையில் நட்டு, ஒரு முறை முழுதாக நீர் ஊற்றி, மூன்று வாரம் காற்றும் நேர் வெயிலும் படாத இடத்தில் விடுங்கள். முதல் வாரத்தில் இலை சில கொட்டும், பயப்பட வேண்டாம். புதுத் துளிர் தீக்குச்சி நீளம் வந்த பிறகுதான் முதல் உரம். அந்த ஆண்டு வரும் பூவைக் கிள்ளிவிட்டால் மறு ஆண்டு உங்கள் வீட்டு வாசலிலும் காய் குலுங்கும்.

உரம்

கடைகளில் கிடைக்கும் 12-12-17-2 என்பிகே (தழை, மணி, சாம்பல் சத்துக் கலவை) உரம் காய்க்கும் மரத்துக்குப் பொருந்தும். கடைசி 2 என்பது மக்னீசியம். இளம் செடிக்கு 15-15-15. 14 அங்குலத் தொட்டிக்கு மாதம் இரண்டு தேக்கரண்டி, தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி ஓரமாகத் தூவி, மேல்மண்ணைக் கிளறி நீர் ஊற்றுங்கள். மழையில் தொட்டி நனைந்தால் உரம் கழுவிப் போகும், எனவே இரண்டு வாரத்துக்கு ஒரு தேக்கரண்டியாகப் பிரித்துப் போடுவது மேல். நவம்பர் முதல் ஜனவரி வரை பாதியாகக் குறையுங்கள். வேர் தூங்கும்போது போட்ட உரம் உப்பாகச் சேர்ந்து இலை நுனியைக் கருக்கும்.

பச்சைக் கோழி எரு வேண்டாம். தொட்டியின் சின்ன இடத்தில் அது வேரைச் சுட்டுவிடும், ஈயும் மொய்க்கும். பதப்படுத்தி உருண்டையாக்கியது என்றால் மாதம் ஒரு கைப்பிடி போடலாம், அந்த மாதம் என்பிகேயைப் பாதியாக்குங்கள்.

இலையைப் படிப்பது

பழைய இலை முழுதும் ஒரே மாதிரி வெளிறினால் தழைச்சத்து போதவில்லை. பழைய இலையில் ஓரம் மஞ்சளாகி, காம்புப் பக்கம் தலைகீழ் வி வடிவில் பச்சை மிஞ்சினால் மக்னீசியம். லிட்டருக்கு 10 கிராம் எப்சம் உப்பு கரைத்து இலை மேல் தெளியுங்கள், இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு போன்றவற்றின் குறை. மலையில் இது வந்தால் நுண்சத்து வாங்க ஓடுவதற்கு முன்னால் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கும், குளிர்ந்து நனைந்த வேர்தான் எடுக்க முடியாமல் நிற்கும். காய விட்டு, வெயிலுக்கு நகர்த்தினால் அடுத்த துளிர் பச்சையாக வரும். வராவிட்டால் நுண்சத்துக் கலவையை இலை வழியே கொடுங்கள்.

மேலே சொன்னவை எல்லாம் இலையின் இரண்டு பாதியிலும் ஒரே மாதிரி இருக்கும். பயப்பட வேண்டியது வேறொன்று. சந்தேகப்படும் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடு நரம்பின் ஒரு பக்கம் மஞ்சள் திட்டு, அதே இடத்தில் மறுபக்கம் பச்சை, திட்டுகள் நரம்பைத் தாண்டி ஓடுகின்றன என்றால் அது கிரீனிங் நோயாக இருக்கலாம். பேனாவால் ஒரு பக்கத்தில் வட்டம் போட்டு, மறுபக்கம் நேர் எதிரே இன்னொரு வட்டம் போட்டு ஒப்பிட்டால் தெளிவாகும். காயும் சிறுத்து ஒருபக்கம் கோணி வரும். இதற்கு மருந்து இல்லை. மரத்தை வேரோடு எடுத்து அழிக்க வேண்டும். அதிலிருந்து பதியமோ ஒட்டோ எடுத்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இந்த நோயைப் பரப்புவது 3 மில்லிமீட்டர் நீளப் பழுப்புப் பூச்சி. தலையைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு இளந்துளிரில் உட்காரும். அதன் குஞ்சுகள் வெள்ளை மெழுகு நூல் விடும். மலை ஏற ஏற இது குறையும், ஆனால் கீழிருந்து வரும் செடியோடு ஏறி வரும். அதற்கு மிகப் பிடித்தது வேலிக்கு வைக்கும் கெமுனிங். நம் வீட்டுக் கறிவேப்பிலையிலும் அது குடியிருக்கும். கறிவேப்பிலை இல்லாத தமிழ் வீடு இல்லை, வெட்டச் சொல்லவில்லை. எலுமிச்சைத் தொட்டியை அதன் பக்கத்தில் வைக்காமல் வீட்டின் மறுபக்கம் வையுங்கள். கறிவேப்பிலைத் துளிர் சுருண்டு வெள்ளை நூல் தெரிந்தால் அந்த நுனிகளைக் கிள்ளி நீரில் அமிழ்த்துங்கள்.

மற்றப் பூச்சிகளுக்கு ஒரே எண்ணெய்க் கரைசல் போதும். சமையல் எண்ணெய் 250 மில்லி, பாத்திரம் கழுவும் சோப்பு நீர் 60 மில்லி, புட்டியில் ஊற்றிப் பால் நிறமாகும் வரை குலுக்குங்கள். அதில் ஒரு மேசைக்கரண்டியை ஒரு லிட்டர் நீரில் கலந்து, வெயில் இறங்கிய பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். முதலில் நான்கு இலையில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பார்ப்பது நல்லது. கந்தக மருந்து அடித்த மூன்று வாரத்துக்குள் எண்ணெய் தெளித்தால் இலை கருகும்.

இளம் இலையில் வெள்ளி நூல் மாதிரி வளைந்து வளைந்து கோடு ஓடி, இலை சுருண்டால் அது இலைத் துளைப்பான் புழு. கோட்டின் முடிவில், இலை ஓரம் மடிந்த இடத்தில், புழு இருக்கும். விரலால் நசுக்கலாம். துளிர் ஒரு அங்குலம் இருக்கும்போதே எண்ணெய்க் கரைசல் தெளித்தால் முட்டையிட வராது. இலை முற்றிய பிறகு அது சீண்டாது. கெட்ட இலைகளைப் பிய்த்துப் போடாதீர்கள், பாதி இலையும் மரத்துக்குச் சோறு ஆக்கும். பறவை எச்சம் மாதிரி இலையில் ஒட்டியிருந்து பிறகு பச்சையாகும் பெரிய புழு, வண்ணத்துப்பூச்சியினுடையது. சின்னச் செடியை இரண்டு நாளில் மொட்டையாக்கிவிடும், கையால் எடுத்துவிடுங்கள். இலை மேல் கரி பூசியது போல் இருந்தால் மேலே செதில் பூச்சியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது, எறும்பு அதை மேய்க்கிறது. எண்ணெய் தெளிப்பதோடு, இலை சுவரையும் வேறு செடியையும் தொடாதபடி தொட்டியை நகர்த்தி எறும்பின் பாதையை வெட்டுங்கள்.

இலையிலும் காயிலும் மஞ்சள் வளையத்தோடு சொரசொரப்பான தழும்பு வந்தால் சொறிநோய். லீமாவ் நீப்பிஸையும் பூரூட்டையும் அதிகம் தாக்கும். மழைத் துளி தெறித்துப் பரவுவதால் இலை காய்ந்திருக்கும் நாளில் மட்டும் வெட்டி எடுங்கள். கத்தரியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிட்டில் துடையுங்கள். பிறகு செம்பு மருந்தைப் புட்டியில் சொன்ன அளவில் தெளிக்கலாம். தண்டில் படரும் பாசியும் சாம்பல் நிறப் பூச்சும் மூடுபனியில் வருவது, மரத்துக்குக் கெடுதல் இல்லை. பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் போகும்.

பூவும் காயும்

கொஞ்சம் குளிரும் கொஞ்சம் வறட்சியும் பட்ட பிறகுதான் இந்த மரங்கள் நன்றாகப் பூக்கும். குளிர் நமக்குச் சும்மா கிடைக்கிறது. வறட்சியை நாம் கொடுக்க வேண்டும். ஜனவரிக் கடைசியில் மரத்தைக் கூரைக்கு உள்ளே வைத்து நீரை நிறுத்துங்கள். மதியம் இலை லேசாகத் தொங்கி, மாலையில் நிமிரும். மறுநாள் காலையிலும் தொங்கியே இருந்தால் அன்றே நிறுத்தத்தை முடித்து முழுதாக நீரும் இரண்டு தேக்கரண்டி உரமும் கொடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் மொட்டு வரும். இரண்டு வயதுக்குக் குறைந்த செடியை இப்படி வாட்டக் கூடாது.

நூறு பூவில் இரண்டு மூன்று காயாக நின்றாலே நல்ல மகசூல். பட்டாணி அளவில் பிஞ்சு கொட்டுவதும் இயற்கை. முதல் ஆண்டு எல்லாப் பிஞ்சையும் எடுத்துவிடுங்கள். இரண்டாம் ஆண்டு லெமனில் கிளைக்கு ஒன்றிரண்டு மட்டும் விடுங்கள். மலையில் காய் முதிரக் கீழ்நாட்டைவிட ஒன்றிரண்டு மாதம் கூடுதலாகும். லெமனுக்கு ஒன்பது மாதத்துக்கு மேலும் போகலாம். பறித்த பிறகு இவை பழுக்கா. நிறம் மாறலாம், இனிப்பும் சாறும் கூடாது. கையில் எடுத்து அழுத்தினால் லேசாக நெகிழ்ந்து, அளவுக்கு மீறிக் கனமாகத் தெரிந்தால் தயார். ஒன்றை வெட்டிச் சாறு பாருங்கள், குறைவாக இருந்தால் மற்றவற்றை இன்னும் இரண்டு வாரம் விடுங்கள். இழுத்துப் பறித்தால் காம்பு இடத்தில் தோல் கிழிந்து இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். அரிசி நீளக் காம்பு காயோடு நிற்கும்படி கத்தரியால் வெட்டுங்கள்.